ஒரு மூலை போதும்

ஒரே ஒரு பட்டணத்திலே, ஒரே ஒரு தெருவிலே, ஒரே ஒரு மாடியிலே ஓர் அறை இருந்ததாம். எல்லா அறைகளையும் போல அதற்கும் நாலே நாலு மூலைதான் இருந்ததாம். ஐந்தாவது மூலை எப்படி வந்தது என்று கேட்டால், தென்காசியிலிருந்து உலகம்மாள் வந்தாள், அதனால் வந்தது என்றுதான் அந்தத் தெருவில் இன்றைக்கும் சொல்கிறார்கள், அதற்கு மேல் காரணம் கேட்கிறவர்களுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

பட்டணம் சிங்கப்பூர். தெரு, தேக்காச் சந்தைக்குப் பின்னால், மல்லிகையும் மசாலாவும் ஈர அட்டைப்பெட்டியும் ஒன்றாய் மணக்கிற ஒரு குறுக்குத் தெரு. உலகம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. பெயரில் உலகத்தை வைத்திருந்தாளே தவிர, தென்காசியையும் குற்றாலத்தையும் விட்டால் அவள் பார்த்த தூரம் திருச்செந்தூர் கடற்கரையோடு முடிந்துவிட்டது. அந்தக் கடலைத் தாண்டிப் போக வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை, சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ ஒருவர் ஒரு கல்யாணப் பத்திரிகையைப் படம் பிடித்துப் போடும் வரைக்கும்.

தங்கச்சி செண்பகத்தின் மகள் யாழினிக்குக் கல்யாணம். ஊரெல்லாம் வாழ்த்துப் போட்டது. உலகம்மாளை மட்டும் யாரும் அழைக்கவில்லை, அழைப்பார்கள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. அக்காளும் தங்கச்சியும் பேசி இருபத்திரண்டு வருசம் ஆகியிருந்தது.

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால், சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், புருசன் விட்டுப்போன செண்பகம் நாலு வயசுப் பிள்ளையை இடுப்பிலும் ஒரு டிரங்குப் பெட்டியைக் கையிலும் வைத்துக்கொண்டு உலகம்மாளின் வாசலில் வந்து நின்றாள். "யக்கா, ஒரு மூலை போதும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். உலகம்மாள் இரண்டு கையையும் நிலையில் வைத்துக்கொண்டு, வாசலை அடைத்துக்கொண்டு, "நாலு மூலையிலயும் ஆள் கிடக்குட்டி, ஒன்னய எங்க போட?" என்றாள். செண்பகம் அக்காளின் தோளுக்கு மேலாக ஒருமுறை பார்த்தாள், மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்துவிட்டாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். அப்புறம் அவள் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனதும், பள்ளிக்கூடக் கேன்டீனில் கடை போட்டதும், அடுக்குமாடியில் வீடு வாங்கியதும் எல்லாம் மற்றவர் வாய் வழியாகத்தான் உலகம்மாள் காதுக்கு வந்தது.

அந்தப் பிள்ளை கழுத்தில் தாலி ஏறுவதற்குள் தங்கச்சி முகத்துக்கு நேராக நின்று ஒரே ஒரு விசயத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செத்துப்போனால் தன் நெஞ்சு வேகாது என்று உலகம்மாளுக்குத் தோன்றிவிட்டது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றி விற்றுவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருந்த கனகசபையிடம் போய் நின்றாள்.

கனகசபை பத்திரிகைப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். அதில் மண்டபத்தின் பெயர் இருந்த மேல்பாதிதான் விழுந்திருந்தது. "ஆவணி மாதம் 12ஆம் நாள்" என்ற வரியோடு படம் அறுந்துபோயிருந்தது. "ஆவணின்னா ஆகஸ்டுதானக்கா" என்று சொல்லிக்கொண்டே அவர் ஆகஸ்டு பன்னிரண்டைத் தட்டி, முன்னே இரண்டு நாள் பின்னே இரண்டு நாள் என்று ரூமும் போட்டுவிட்டார். ஆடி எப்போது முடியும், ஆவணி எப்போது பிறக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய உலகம்மாள், அந்த நேரம் பார்த்து ரூமின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கதவுக்குத் தாப்பாள் இருக்கால்லா?" என்று மட்டும் கேட்டாள்.

தாழ்ப்பாள் இல்லை. கதவும் இல்லை. போய்ப் பார்த்தால், தேனீக் கூடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் ஒரு ஆள் ஊர்ந்து போய்ப் படுக்க வேண்டும். படத்தில் இருந்த ஜன்னல், சுவரில் ஒட்டியிருந்த ஜன்னலின் படம். உலகம்மாள் இடுப்புவரை உள்ளேயும் கால் இரண்டும் வெளியேயுமாக இரண்டு ராத்திரியைக் கழித்துவிட்டு, மூன்றாம் நாள் அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குப் போனாள். அங்கே ஒரு சீனக் கிழவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈரம் காய்கிற வரைக்கும் காலைத் தூக்கிக்கொண்டு உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். அலுவலக அறையிலிருந்து வந்த ஒரு பெண் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஆவணி பன்னெண்டுன்னா ஆகஸ்டு இருபத்தெட்டு. இன்னும் பதினாறு நாள் இருக்கு" என்றாள்.

போனில் விசயத்தைச் சொன்னதும் கனகசபை, "நான் பொறந்ததே ஆவணிலதான்க்கா" என்றார், அழுகிற குரலில். திரும்பி வருகிற டிக்கெட்டைத் தன் கையை விட்டே மாற்றிக் கொடுத்தார். ஆனால் பதினாறு நாளைக்கு இடத்துக்கு எங்கே போவது? பெட்டி விடுதியில் இன்னும் இரண்டு நாள்தான். அதற்கு மேல் வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது.

அடுத்த இரண்டு நாளும் உலகம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி ஏறினாள், படி இறங்கினாள். ஓட்டலில் ஒரு ராத்திரிக்குச் சொன்ன தொகையைக் கேட்டு, அவர்கள் கட்டடத்தையே விலை சொல்கிறார்களோ என்று இரண்டாம் தரம் கேட்டாள். சத்திரம் உண்டா என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். கடைசியில் கால் ஓய்ந்து ஒரு பூமாலைக் கடை முன்னால் நின்றபோது, கடைக்காரர் சிங்காரம், கட்டுகிற மாலையை விட்டுத் தலை நிமிராமலே, அந்த ஊர்ப் பழக்கப்படி பேச்சுக்கு ஒரு ‘லா’ சேர்த்து, "ரூமு தேடுறீங்களாம்மா? மேல பாத்துமுத்தக்கா வீட்டுல பொம்பளைங்களுக்கு மட்டும் இடம் தருவாங்க. ஆனா நாலு மூலையும் ஃபுல்லு லா. ஏறித்தான் பாருங்களேன், ஏறுறதுக்குக் காசு கேக்க மாட்டாங்க" என்றார்.

பாத்துமுத்தின் குடும்பத்துக்குப் பூர்வீகம் கடையநல்லூர். அறுபத்தைந்து வயது, முக்காடு நழுவாமல் வெங்காயம் அரியத் தெரிந்தவள். உலகம்மாள் படியேறி வந்து நின்றது சாயங்காலம் நாலு மணிக்கு. அறையின் ஒரு மூலையில் மன்னார்குடி நர்ஸ் ஜெசிந்தா டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிற மலர்க்கொடி காலுக்கு நகப்பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில் கல்லூரிப் பெண் ஒருத்தி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூலையில், கண் வைத்தியத்துக்கு மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்திருந்த கணக்கு டீச்சர் கறுப்புக் கண்ணாடியோடு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"இடமில்லையே தாயி" என்றாள் பாத்துமுத்து, மெய்யான வருத்தத்தோடு. "நீயே பாரு. நாலு மூலையிலயும் ஆள் கிடக்கு."

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் உலகம்மாள் சொன்ன அதே வார்த்தை, எழுத்துப் பிசகாமல், கடல் கடந்து வந்து அவளுக்காகக் காத்திருந்திருக்கிறது. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், யோசித்துச் சொல்லவில்லை, வாய்க்கு வேறு எதுவும் வரவில்லை, அதனால் சொன்னாள்: "ஒரு மூலை போதும்க்கா."

விரலில் சொடக்கு எடுத்தாற்போல ஒரு சத்தம். கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஜெசிந்தாவுக்கும் துணி தேய்க்கிற பெண்ணுக்கும் நடுவிலிருந்த சுவர் முழங்கையை மடக்குவது போல வெளிப்பக்கமாக மடங்கி, ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் போய், நின்றுகொண்டது. ஜெசிந்தா கண் திறக்காமல், "யாரு சுவத்தத் தட்டுறது, பிள்ள தூங்குதுல்ல" என்று ஆஸ்பத்திரி நினைப்பில் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள். துணி தேய்த்த பெண் இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

பாத்துமுத்து எட்டிப் பார்த்தாள். "வந்துருச்சே" என்றாள். "பாய் இருக்கா ஒங்கிட்ட? இல்லியா? இரு, பரண்ல ஒண்ணு கிடக்கு."

வாடகை என்ன என்று உலகம்மாள் கேட்டதற்கு, "மூலைய நானா குடுத்தேன்? வீடு குடுத்துச்சு. வீட்டுக்கு நான் என்ன பங்காளியா? சாப்பாட்டுக்குக் குடு, வெங்காயம் உரி, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள்.

விசயம் மாலைக்கடைக்குப் போய், அங்கிருந்து காப்பிக்கடைக்குப் போய், மசாலா அரைக்கிற மில்லுக்குப் போய், ராத்திரிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. எப்படி வந்தது என்பதைவிட, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதுதான் பேச்சாக இருந்தது. ஏனென்றால் அந்த மாடியில் நாற்பது வருசம் பாத்துமுத்தின் மாமியார் சாப்பாட்டு மெஸ் நடத்தியிருந்தார். துறைமுகத்துக் கூலிகளும் கப்பல்காரர்களும் கணக்கப்பிள்ளைகளும் வரிசையாய் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்ட இடம் அது. அந்த மெஸ்ஸில் "போதும்" என்று யாராவது இலைக்கு மேலே கையை விரித்தால், விரலிடுக்கு வழியாக இன்னும் ஒரு கரண்டி விழும். "போதும் போதும்" என்றால் இரண்டு கரண்டி விழும். வாயால் சொல்லுகிற போதும் அங்கே செல்லாது, எழுந்திருக்க நினைக்கிறவர் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும், அப்போதுதான் மாமியார் கரண்டியைக் கீழே வைப்பார். நாற்பது வருசமாக அந்தச் சுவர்கள் அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டுக் கேட்டு ஊறியிருந்தன. அந்தச் சொல்லுக்கு அந்த வீடு கற்றுக்கொண்ட பொருளும் ஒன்றுதான்.

ஐந்தாவது மூலை வந்ததும் அதற்கேற்ற வேலைகளும் வந்தன. பெருக்குவதற்குக் கொஞ்சம் கூட நேரம் எடுத்தது. நாலு பேருக்குக் காற்று வீசிப் பழகிய மின்விசிறி, ஐந்தாவது ஆளைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் தடுமாறியது. கணக்கு டீச்சர் மட்டும் கல்லூரிப் பெண்ணின் ஜியாமெட்ரி பெட்டியை வாங்கி, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு மூலையாகத் தவழ்ந்து அளந்தார். "அஞ்சு மூலைன்னா கோணமெல்லாம் சேர்ந்து ஐந்நூத்து நாப்பது டிகிரி வரணும். இதுல முன்னூத்தறுபதுதான் வருது" என்றார். "அப்ப என்ன டீச்சர் அர்த்தம்?" என்றாள் மலர்க்கொடி. "அர்த்தம் என்ன, பால் ஆறுது, குடிங்கன்னு அர்த்தம்" என்று பெட்டியை மூடிவிட்டார்.

ஒரு வேலையை விட்டு மறு வேலைக்குப் போகிற இடைவெளியில் தங்க இடமில்லாமல் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தியை ஜெசிந்தா கூட்டிவந்தாள். மலர்க்கொடி அவளுக்கு அந்த மூன்று வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தாள். அவள் "ஓரு மூளே போடும்" என்றாள். சுவர் உச்சரிப்புப் பார்க்கவில்லை. ஆறாவது மூலை வந்தது. மகளின் பரீட்சைக்குத் துணை வந்த ஒரு தாய்க்கு ஏழாவது வந்தது. விமானத்தைத் தவறவிட்ட மூன்று பேருக்கு எட்டும் ஒன்பதும் பத்தும். ஆனால் நெட்டில் படித்துவிட்டு மூன்று சூட்கேசோடு வந்த ஒரு அம்மாள், மனப்பாடமாக "ஒரு மூலை போதும்" என்று ஒப்பித்துவிட்டு, அதே மூச்சில் "ஏசி பக்கமா வந்தா நல்லது, பாத்ரூம் தனியா இருக்குமில்ல?" என்று கேட்டபோது, சுவர் கட்டைவிரல் பதிகிற அளவுக்குக் குழிந்து, அப்படியே நின்றுவிட்டது. அந்தக் குழியில் இப்போது மலர்க்கொடி ஒட்டுப்பொட்டு ஒட்டி வைக்கிறாள்.

ஒரு அறையில் இத்தனை பேர் இருக்கலாமா என்று பார்க்க அதிகாரி ஒருவர் வந்தார். சிவப்பு வெளிச்சம் அடிக்கிற கருவியால் அறையை அளந்தார்; வியர்த்தார்; மறுபடி அளந்தார். எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கு வேண்டிய இடம் சரியாக இருந்தது. அவருடைய படிவத்தில் கதவுக்குக் கட்டம் இருந்தது, ஜன்னலுக்கு இருந்தது, மூலைக்கு இல்லை. பாத்துமுத்து கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்ற வந்தவளிடம், "போ..." என்று தொடங்கி, சுவரைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

உலகம்மாள் பகலில் கீழே இறங்கி, சிங்காரத்தின் கடையில் பூக்கட்டினாள். கட்டிய ஒவ்வொரு முழத்துக்கும் தங்கச்சி முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் விலாசம் விசாரித்து, செண்பகத்தின் அடுக்குமாடிக்கே போய், லிஃப்டில் ஒன்பதாவது மாடிவரை ஏறி, கதவு திறந்ததும் வெளியே கால் வைக்காமல் அதே லிஃப்டில் இறங்கி வந்துவிட்டாள். பாயில் படுத்தால், தலைமாட்டில் இருக்கிற சுவரைத் தொட்டுப் பார்ப்பாள். முன்பின் தெரியாத ஊர்ச் சுவர், தான் யார், என்ன செய்தவள் என்று விசாரிக்காமல், கேட்டதும் ஒதுங்கிக் கொடுத்திருக்கிறது. "நல்லாருப்ப" என்று சுவருக்குச் சொல்லுவாள். சுவருக்கு வேறு எப்படி நன்றி சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாலை சொல்ல செண்பகம் கடைக்கு வந்தாள். உலகம்மாள் மேலே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தென்காசிப் பேச்சு காதில் விழுந்ததும் சிங்காரத்துக்கு வாய் நிற்கவில்லை. "தென்காசியா நீங்க? அட, மேல ஒங்க ஊரு அம்மாதான் லா மூலைய வரவழைச்சது. உலகம்மான்னு பேரு. ஏதோ கல்யாணத்துக்கு வந்தாங்களாம், தேதிய மாத்திப் படிச்சிட்டாங்களாம்..."

செண்பகம் முன்பணம் வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். படியேறினாள்.

வாசலில் வந்து நின்றவளை உலகம்மாள் முதலில் அடையாளம் காணவில்லை. முடி பாதி நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். ஆனால் நிலைக்கு வெளியே, உள்ளே காலை வைக்காமல், ஒரு கையில் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எழுந்த வேகத்தில் வெங்காயம் உருண்டு போயிற்று.

"உள்ள வாம்மா" என்றாள் பாத்துமுத்து.

"உள்ள வரல. உக்காரவும் வரல" என்றாள் செண்பகம், கோபத்தோடு. "நிக்க ஒரு மூலை இருந்தா போதும். கேக்க வேண்டியதக் கேட்டுட்டுப் போயிருதேன்."

சொடக்கு. சுண்ணாம்பு. கதவோரத்துச் சுவர் மடங்கி, செண்பகத்தை உள்பக்கமாக வாங்கிக்கொண்டது. கால் தடுமாறி, அவள் அந்த மூலையில் உட்கார்ந்தே விட்டாள். கையில் பை அப்படியே இருந்தது.

"எனக்கு வேண்டாம் இது!" என்றாள்.

"கேட்டியே, குடுத்துருச்சு" என்றாள் பாத்துமுத்து. "இனி எடுத்துக்கிடாது. பேசிட்டு எந்திரி தாயி, அவசரமில்ல."

அறையில் பத்து மூலையிலிருந்தும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ரேடியோவை அணைத்தார். செண்பகம் அக்காளைப் பார்த்தாள்.

"எதுக்கு வந்த?"

பத்து நாளாகப் பூவோடு பூவாகக் கட்டிப் பார்த்த பேச்செல்லாம் உலகம்மாளுக்கு உதிர்ந்துபோயிற்று. நடுவிலிருந்து ஒரு வரிதான் மிஞ்சியது.

"நாலாவது மூலையில ஆள் இல்லட்டி" என்றாள்.

செண்பகம் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு மூலையிலயும் ஆள் கிடக்குன்னு சொன்னேம்லா அன்னைக்கு. மூணுலதான் ஆள். நாலாவதுல புளி மூட்டை கிடந்துச்சு. ரெண்டு மூட்டை. எங்க வீட்டுக்காரரு வெல ஏறட்டும்னு கொண்டாந்து போட்டது. நவுத்திருக்கலாம். ஒரு கை பிடிச்சா நவுந்திருக்கும். நவுத்தல."

நகப்பூச்சுத் தூரிகை மலர்க்கொடியின் கையில் காய்ந்துகொண்டிருந்தது.

"தெரியும்" என்றாள் செண்பகம்.

"தெரியுமா?"

"வாசல்ல நிக்கும்போதே புதுப்புளி வாசம் குப்புன்னு அடிச்சுது. ஆள் கிடந்து இடமில்லன்னா எனக்கு ஒரு வருத்தமும் இல்லக்கா. அடுத்த வீட்டப் பாத்துப் போயிருப்பேன், அடுத்த மாசம் ஒனக்குக் கடுதாசி போட்டிருப்பேன். புளிக்கு இருந்த இடம் எனக்கு இல்லாமப் போச்சேன்னுதான்..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இருவத்திரெண்டு வருசமா எங்க வீட்டுல புளி வாங்குறதில்ல. எம் மக எலுமிச்சம்பழம் பிழிஞ்ச ரசத்தக் குடிச்சே வளந்துட்டா."

உலகம்மாளுக்குத் தங்கச்சியின் பக்கத்தில் போக வேண்டும் போலிருந்தது, போக உரிமை இல்லை என்றும் இருந்தது. இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "இதச் சொல்லத்தான் வந்தேன். கல்யாணத்துக்குக் கூப்பிடணும்னு இல்ல. நான் சொன்னத நீ காது குடுத்துக் கேட்டியே, அது போதும் எனக்கு."

அவளுக்கு வீட்டின் பழக்கம் மறந்துபோயிருந்தது. வீட்டுக்கு மறக்கவில்லை. கதவோரத்துச் சுவர் இன்னும் ஒரு கரண்டி அளவுக்குப் பின்வாங்கிக் கொடுத்தது. செண்பகத்தின் பக்கத்தில், சரியாக இன்னும் ஒரு ஆள், முழங்கால் இடிக்க உட்காருகிற அளவுக்கு இடம் விழுந்தது.

எல்லோரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள். செண்பகமும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"நிக்கியே, வந்து உக்காரு" என்றாள்.

உலகம்மாள் போய் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் முழங்கால் இடித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள். அப்புறம் செண்பகம்தான், யாரிடமும் இல்லாமல், "கல்யாணச் சமையல்காரன்ட்ட சாம்பாருக்குப் புளி போடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள்.

ஐந்தாவது மூலைக்கும் அசராத, பத்தாவது மூலைக்கும் அசராத பாத்துமுத்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "யா அல்லா! புளி இல்லாம சாம்பாரா? கல்யாணத்துக்கா? இந்தாம்மா, மொத அவனுக்குப் போனப் போடு!"

சிரிப்பு முதலில் ஜெசிந்தாவிடமிருந்து வந்தது. அப்புறம் பத்து மூலையிலிருந்தும் வந்தது. பதினொன்றாவது மூலையில் அக்காளும் தங்கச்சியும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்ததால், சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கே செண்பகம் அவளைக் கையோடு கூட்டிப்போனாள். "எங்க வீட்டுல மூணு ரூமு. மூணு நாலு பன்னெண்டு மூலை. எதுல வேணா படு" என்றாள். யாழினி, தான் இடுப்பில் உட்கார்ந்து வந்து பார்த்து, பிறகு மறந்தேபோன பெரியம்மாளைக் கட்டிப்பிடித்து, "ஃபோட்டோல பாத்தத விட குட்டையா இருக்கீங்களே" என்றாள். ஆவணி பன்னிரண்டாம் நாள் கல்யாணம் நடந்தது. மாலை சிங்காரம் கட்டியது, பதினொரு மூலைக்காரர்களும் பந்தியில் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள், சாம்பாரில் புளி சரியாக இருந்தது. இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்ட பாத்துமுத்து அதை மூன்று பேரிடம் சொன்னாள்.

கதவோரத்து மூலை மட்டும் யாருக்கும் படுக்க வாய்க்கவில்லை. சண்டைக்கு வருகிறவர்கள் நிற்கிற மூலை என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. பேச்சில்லாமல் இருந்த மசாலா மில் அண்ணன் தம்பியைக்கூட, ஆண்கள் மாடியேறக் கூடாது என்ற சட்டத்தை ஒரு மணி நேரத்துக்குத் தள்ளி வைத்து, பாத்துமுத்து அங்கே கொண்டுவந்து நிறுத்தினாள் என்று கேள்வி.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மத்தியானம், மிச்சமிருந்த பையை எடுக்க உலகம்மாள் அந்த மாடிக்கு வந்தாள். செண்பகம் கீழே டாக்சியில் காத்திருந்தாள். ஜெசிந்தா டியூட்டியில், மலர்க்கொடி கடையில், டீச்சர் கண்ணைக் காட்டப் போயிருந்தார், பாத்துமுத்து படியிலேயே எதிர்ப்பட்டு, உலகம்மாளின் கையில் ஒரு பொட்டலம் வெங்காய வடையைத் திணித்து, "திரும்ப எப்ப வாற?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் சந்தைக்கு இறங்கிப் போய்விட்டாள். அறையில் ஒருவரும் இல்லை.

உலகம்மாள் தன் மூலைக்குப் போனாள். பரணிலிருந்து வந்த பாய் விரித்தபடியே கிடந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சொல்ல நினைத்தது நிறைய. வாயில் வந்தது பழகிய சொல்தான். "போதும் தாயி" என்றாள். "மனசு நெறஞ்சு போச்சு. போதும்."

உள்ளங்கைக்கு அடியில் சுவர் ஒரு கரண்டி நகர்ந்தது. சொன்ன இரண்டாவது போதுமுக்கு இன்னொரு கரண்டி நகர்ந்தது. "அய்யோ, போதும்னு சொல்லுதேன்லா!" என்று அவள் சிரித்தாள், அதற்கும் ஒரு கரண்டி விழுந்தது. இப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் விமானம் போய்விடும் என்று அவளுக்குப் புரிந்தது.

கீழே டாக்சி ஹாரன் அடித்தது. உலகம்மாள் பேச்சை நிறுத்தினாள். சம்மணம் போட்டுப் பாய்க்கு முன்னால் உட்கார்ந்தாள். பாயைச் சுருட்டாமல், அதன் மேல்பாதியை இரண்டு கையாலும் பிடித்து, சாப்பிட்டு முடித்த இலையை மடிப்பது போல, மெதுவாகத் தன் பக்கமாகக் கொண்டுவந்து மடித்தாள்.

சுவர் நின்றது.

அவள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவோரத்து மூலையை ஒருமுறை தொட்டுவிட்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போனாள்.